பாதியில் நிற்கும் மூன்று நோட்டுப் புத்தகங்கள்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி பதினொரு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 44. தபால் அலுவலகத்தில் கவுன்டர் வேலை. கணவர் தனியார் கம்பெனியில் இருக்கிறார், ஒரே மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

2020 ஊரடங்கு சமயத்தில் மாமியாரிடம் சிக்குக் கோலம் கற்றுக்கொண்டிருக்கிறார். சில கோலம் ஒரே கம்பியில், அதாவது கையெடுக்காமல் இழுக்கிற ஒரே கோட்டில், புள்ளிகளைச் சுற்றி வந்து முடிகிறது, சிலதுக்கு இரண்டு மூன்று கம்பி வேண்டியிருக்கிறது. ஏன் என்று தோன்றியதும் ஒரு நோட்டு எடுத்து வரைய ஆரம்பித்து, அது தீர்ந்து, இரண்டாவது நோட்டின் பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் ஒருநாள் சாமிக்குப் போட்டு வாடிய துலுக்கசாமந்தியைக் கொதிக்க வைத்து வெள்ளைத் துணியில் சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார். அதற்கு ஒரு நோட்டு. அதுவும் பாதி. பிறகு மூடி போட்ட டின்னில் ஊசித் துளை போட்டுப் படம் எடுக்கும் முயற்சி, நான்காவது நோட்டு, பத்துப் பக்கம்கூட இல்லை. இந்த நேரத்தில் நாத்தனார் சொன்னார் என்று கோலங்களுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பேஜ் தொடங்கி, தினம் ஒரு கோலம் என்று நாற்பது நாள் போட்டார். படம் சரியாக வரவேண்டும் என்று தவணையில் 24,000 ரூபாய்க்குக் கேமரா. நாற்பத்தோராம் நாள் கை வரவில்லை. ஆறு மாதமாக எதையும் தொடவில்லை.

"எதையும் உருப்படியா முடிக்க மாட்டே" என்கிறார் கணவர். "வித்துக் காசாக்கலாமே" என்கிறார் கூட வேலை பார்ப்பவர். வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுத் தனக்குக் கவனக்குறைபாட்டு நோய் இருக்கிறதோ என்று இவரே பயப்படுகிறார். இனி ஒரே ஒரு இலக்கை வைத்துக்கொண்டு வைராக்கியமாக நிற்க வேண்டுமா, இல்லை இதையெல்லாம் மூட்டை கட்டிவிட வேண்டுமா என்பதுதான் கேள்வி. மகளுக்குத் தவறான முன்மாதிரியாக ஆகிவிட்டோமோ என்ற கவலை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு நோட்டுப் பக்கங்கள் மூன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். நான் முதலில் பார்த்தது அதைத்தான், உங்களுக்குச் சொல்லப் போவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது நோட்டின் ஒரு பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை போட்டிருக்கிறீர்கள். நடுவில் எந்த மாற்றமும் செய்யாமல், ஓரத்தில் திரும்பித் திரும்பி வருகிற சாதாரணப் பின்னல். 5க்கு 4 புள்ளி (ஐந்து வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி) என்றால் ஒரே கம்பி. 6க்கு 4, இரண்டு கம்பி. 6க்கு 3, மூன்று. 4க்கு 4, நான்கு. கீழே பென்சிலில், "பொதுவா வகுக்கிற நம்பரா?" என்று எழுதி, கேள்விக்குறியை இரண்டு முறை அழுத்திப் போட்டிருக்கிறீர்கள். நான் கணக்கு ஆள் இல்லை என்றாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டம் போட்ட தாளில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன், 7க்கு 5, 8க்கு 6. சரியாக வருகிறது. ஆறாம் வகுப்பில் படித்தோமே மீப்பெரு பொதுக் காரணி, அதுதான் கம்பிகளின் எண்ணிக்கை. அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து விரலால் இதே மாதிரி கோடு ஓட்டுவார்கள். மொசாம்பிக்கில் இருந்த பவுலஸ் கெர்டஸ் என்ற கணித அறிஞர் அந்தச் சித்திரங்களை ஆராய்ந்து, நம் கோலத்தோடும் ஒப்பிட்டு எழுதியவர். நீங்கள் பென்சிலில் கேள்வியாக எழுதிய அந்த விதி அங்கேயும் இருக்கிறது. உங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. மாமியாரின் கையைப் பார்த்தும் வீட்டு வாசலைப் பார்த்தும் நீங்களே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

இந்தப் பக்கத்தைத்தான் "உருப்படியாக எதுவும் முடிக்கவில்லை" என்ற கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

நோயா என்ற பயம்

கடிதத்தை வைத்து யாருக்கும் நோய் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வீடியோ சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கவனக்குறைபாடு என்று மருத்துவர் முடிவு செய்ய, அதன் அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அன்றாடத்தைக் கெடுத்திருக்கவும் வேண்டும். நீங்களோ பத்தொன்பது வருடமாகக் கவுன்டரில் இருக்கிறீர்கள். மாலையில் ரொக்கத்தை எண்ணி, கணக்கு ஒரு ரூபாய் உதைத்தால்கூட நேராகும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடிக்கத் தெரியாதவர் எழுதுகிற வரி இல்லையே இது! முடிக்க வேண்டியதை முடிக்கிறீர்கள். கோலம் முடிக்க வேண்டியதா என்பது வேறு கேள்வி, அதற்குக் கீழே வருகிறேன். சந்தேகம் தீரவில்லை என்றால் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள், அதில் தவறே இல்லை. வீடியோவைப் பார்த்து மட்டும் தீர்மானிக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொன்று, "ஆறு மாதமாக எதிலும் பிடிப்பில்லை." கோலத்தில் மட்டும் பிடிப்பில்லை என்றால் அதைப் பற்றிப் பேசலாம். சாப்பாடு, தூக்கம், மகளோடு பேசுவது, பிடித்த டிவி நிகழ்ச்சி என்று எல்லாமே சப்பென்று ஆகி, அது நாள் முழுக்க, வாரக்கணக்கில் இருக்கிறதென்றால் மனச்சோர்வாக இருக்கலாம். அதை ஆர்வம் போய்விட்டது என்று பேர் வைத்து ஒதுக்கிவிடக் கூடாது. 14416 அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இதை முதலில் யோசித்துப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நாற்பத்தோராம் நாள்

பேஜ் தொடங்கியபோது "இப்போதான் ஒரு குறிக்கோள் வந்தது" என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த பத்தியிலேயே, "காலை எட்டு மணிக்குள் போடணும், போட்டதும் எத்தனை பேர் பார்த்தாங்கன்னு கவுன்டர் டேபிளுக்கு அடியில வச்சுப் பாத்துட்டே இருப்பேன்" என்று இருக்கிறது. அந்த நாற்பது நாளில் புதுக் கோலம் எத்தனை என்று நான் தேடினேன். முதல் பதினைந்து நாளைக்குத்தான் புதிதாக யோசித்தது, அதன் பிறகு தாமரை, மயில், குத்துவிளக்கு, ஏனென்றால் அதற்குத்தான் லைக் விழுந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கம்பி எத்தனை என்ற கேள்வி அங்கே எந்த இடத்திலும் வரவில்லை.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் செய்த சோதனை ஒன்று எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. மார்க்கர் பேனாவில் படம் வரையப் பிரியப்படுகிற சின்னக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நிற முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா பரப்பி வைத்துக் கவனித்தபோது, சான்றிதழ் எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதி நேரம்தான் அதைத் தொட்டார்கள். எதிர்பார்த்து வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே இருந்தது. சொல்லாமல் கொடுத்த பிரிவுக்கு எந்தக் கெடுதலும் இல்லை, அதனால் பாராட்டே விஷம் என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். பாராட்டுக்காக என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டதுதான் அந்தக் குழந்தைகளின் கையைத் தளர்த்தியது.

நீங்கள் குழந்தை இல்லை, லைக் சான்றிதழும் இல்லை, சரி. ஆனால் உங்கள் கடிதத்தில் நடந்திருப்பதும் இதே வரிசையில்தான் நடந்திருக்கிறது. உங்களிடம் வைராக்கியம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. உங்களை நடுராத்திரி வரை உட்கார வைத்த கேள்வியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எண்ணிக்கையை வைத்தீர்கள், அதற்காக நாற்பது நாள் உழைத்ததே பெரிது என்றுதான் சொல்வேன்.

அதனால் "ஒரே இலக்கு, விடாப்பிடியாக" என்ற வழியை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. மூட்டை கட்டவும் சொல்லவில்லை.

விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவது

கோலம், சாயம், ஊசித்துளைப் படம் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, மனம் அலைபாய்கிறது என்பது உங்கள் வாதம். நோட்டுகள் வேறு சொல்கின்றன. சாய நோட்டில், படிகாரம் போட்ட துலுக்கசாமந்திச் சாறு மஞ்சளாக வந்தது, துரு ஏறிய இரும்புச் சட்டியில் வைத்ததும் பாசி நிறத்துக்கு இருண்டது, "ஒரே பூ, ஏன் ரெண்டு கலர்?" என்று இருக்கிறது. பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைத்தபோது மட்டும் சாயம் நன்றாகப் பிடித்ததையும் குறித்திருக்கிறீர்கள். டின் நோட்டில், "ஏன் தலைகீழா விழுது?" மூன்று நோட்டிலும் கேட்கிற ஆள் ஒருவர்தான், கேட்கிற விதமும் ஒன்றுதான். அழகாக வந்ததா என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை, எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்றே எழுதியிருக்கிறீர்கள்.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனி என்று ஒரு புள்ளியியல் பேராசிரியர் இருந்தார், 1988இல் மறைந்தார். துறை புள்ளியியல். ஆனால் கோலத்தை ஆராய்ந்தார், மாமல்லபுரம் சிற்பங்களின் உடையையும் நகையையும் ஆராய்ந்தார், பழைய எழுத்துகளுக்குள் போனார், சிந்துவெளி எழுத்தையும் விடவில்லை. கோலத்தைக் கணினி மொழியின் இலக்கணம் போல விவரிக்கலாம் என்று 1970களில் அவரும், மனைவி ராணி சிரோமனியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். இதை நீங்களும் பெரிய ஆள் ஆவீர்கள் என்று சொல்ல எழுதவில்லை, அப்படிச் சொன்னால் முன்வாசலில் அனுப்பிய இலக்கைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்த மாதிரி ஆகிவிடும். கோலத்திலிருந்து சிற்பத்துக்கும் அங்கிருந்து எழுத்துக்கும் போகிற புத்தியைப் பார்த்து யாரும் கோளாறு என்று சொன்னதில்லை, உங்களுடையதையும் நீங்கள் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகத்தான்.

ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். தையல் வேலையில் பாதியில் எழுந்திருக்கிறவர்கள் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போவார்களே, அது மாதிரி ஒரு நோட்டை விடும்போது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள். எது வரைக்கும் தெரிந்தது, அடுத்து எதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தேதியும் போடுங்கள். திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். வந்தால் எந்த இடத்தில் கால் வைப்பது என்று தெரியும், அவ்வளவுதான்.

விற்பது பற்றி

உங்கள் சக ஊழியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அதில் இரண்டு பிசகு இருக்கிறது. நீங்கள் மத்திய அரசு ஊழியர். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆம் விதி, முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது என்கிறது. எப்போதாவது செய்கிற இலக்கிய, கலை, அறிவியல் சார்ந்த வேலைக்கு அதே விதி இடம் தருகிறது, அலுவலக வேலை பாதிக்காதவரை. ஒரு கண்காட்சியில் வைப்பது, ஒரு பத்திரிகைக்கு வரைந்து கொடுப்பது வேறு, மாதாமாதம் ஆர்டர் எடுத்துப் புடவைக்கு அச்சடிப்பது வேறு. "வீட்டுக்காரர் பேரில் போட்டுக்கோ" என்ற யோசனையும் அவ்வளவு சுலபமில்லை, குடும்பத்தினர் வியாபாரம் செய்தால் அதையும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காசு வாங்கும் எண்ணம் வந்தால் முதலில் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

உங்கள் கோலத்தை வேறொரு பேஜில் பேர் போடாமல் எடுத்துப் போட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பரம்பரையாக வருகிற கோலம் யாருக்கும் சொந்தமில்லை, நீங்களாக யோசித்து வரைந்தது உங்களுடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்யாவிட்டாலும் வரைந்ததுமே அந்த உரிமை வந்துவிடும். எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஓவியம், வரைபடம் எல்லாம் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கலைப்படைப்புதான் என்று வரையறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். புடவைக்காரர் யாராவது டிசைன் கேட்டால் வாய்ப்பேச்சில் கொடுத்துவிடாதீர்கள், உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும், எத்தனை வருடம் என்றும் அதில் எழுத வேண்டும். துணியில் பெருமளவு அச்சடிக்கிற டிசைனுக்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் தனியாக இருப்பதால், அந்தக் கட்டம் வந்தால் வக்கீலைப் பாருங்கள். இப்போதைக்கு என் அபிப்பிராயம், விற்க வேண்டாம். பேஜில் நடந்ததே மறுபடி நடக்கும், இந்தத் தடவை பணத்தோடு.

கணவரின் கோபத்தில் உள்ள நியாயம்

இங்கே உங்கள் பக்கம் முழுசாக நிற்க முடியவில்லை, மன்னியுங்கள். "முடிக்க மாட்டே" என்று அவர் சொல்வது தவறான குற்றச்சாட்டு. ஆனால் அதற்கு அடியில் உண்மையான வருத்தம் இரண்டு இருக்கிறது, நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. கேமரா வாங்கியதை இரண்டாவது தவணை கழிந்தபோதுதான் அவர் தெரிந்துகொண்டார். சாயப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்காத வாரங்களில் ராத்திரி டிபன் அவர் தலையில் விழுந்தது. உங்கள் சம்பளம் உங்களுடையது, அதில் உங்களுக்குப் பிடித்ததுக்குச் செலவு செய்ய உரிமை உண்டு. வீட்டுத் தவணையைச் சொல்லாமல் கூட்டுவது அந்த உரிமையில் சேராது. ஆர்வத்துக்கு இலக்கு தேவையில்லை, எல்லை தேவை.

அதனால் உட்கார்ந்து பேசி மாதம் ஒரு தொகை வையுங்கள், ஐந்நூறு என்றாலும் போதும். வாரத்தில் இரண்டு மாலை உங்களுடையது, அன்றைக்குச் சமையல் அவருடையது, அவருக்கும் அதேபோல இரண்டு மாலை. புதிதாக ஒன்றில் இறங்கினால் முதல் மூன்று மாதம் வீட்டில் இருப்பதை வைத்து மட்டும் செய்யுங்கள். கோலத்துக்கு நோட்டும் பென்சிலும், சாயத்துக்கு வாடின பூ, படத்துக்குப் பழைய டின் என்று நீங்கள் நன்றாகச் செய்ததெல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது. கேமராவை இன்னும் தொட மனசில்லை என்றால் கிடைக்கிற விலைக்குக் கொடுத்துத் தவணையை அடைத்துவிடுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை.

மகள் "நீ முடிச்சியாம்மா?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன் என்கிறீர்கள். அவளிடம் நேராகவே சொல்லலாம். பொதுத் தேர்வுக்குப் பாடத்திட்டமும் தேதியும் உண்டு, அதை முடித்தாக வேண்டும், அம்மாவும் ஆபீஸ் கணக்கை அப்படித்தான் முடிக்கிறேன். இந்த நோட்டுக்குத் தேதி இல்லை. பதினேழு வயசுப் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் புரியும். அந்த அட்டவணைப் பக்கத்தையும் காட்டுங்கள், கணக்கு குரூப் என்றீர்களே, ஏன் பொதுக் காரணி வருகிறது என்று அவளே உங்களுக்கு நிரூபித்துக் காட்டக்கூடும்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய மூன்றாவது படம். அதில் 6க்கு 4 கோலத்தின் பக்கத்தில், "நடுவுல ஒரு முடிச்சைப் பிரிச்சு ரெண்டு வளைவா ஆக்கினா, ரெண்டு கம்பியும் ஒண்ணாயிடுமா?" என்று எழுதி, அதற்குப் பிறகு வெற்றுத் தாளாக இருக்கிறது. கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தைத்தான் முடிச்சு என்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதையும் போட்டுப் பார்த்தேன். கம்பிக்கு ஒரு கலர் பேனா என்று வைத்துக்கொண்டேன். ஒரு முடிச்சைப் பிரித்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டது. வேறொரு முடிச்சைப் பிரித்தேன், ஒன்றாகவில்லை. எந்த முடிச்சு என்று இங்கே எழுதாமல் விடுகிறேன்.